ஒரு போனும் ஒரு கரும்பலகையும்: யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு டிஜிட்டல் வகுப்பறை வழிகாட்டி

2020 மார்ச்சில் பாடசாலைகள் திடீரென மூடப்பட்டபோது நாங்கள் எல்லோரும் வட்ஸ்அப் ஆசிரியர்களாகவும் சூம் ஆசிரியர்களாகவும் மாறவேண்டி வந்தது. யாரும் முறையாகப் பழக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கேட்டும், சொந்தப் பிள்ளையிடம் கேட்டும்தான் பலர் பழகினார்கள். 2022இல் பெற்றோலும் கரண்டும் இல்லாத மாதங்களில் மறுபடியும் அதே வழி. பாடசாலைகள் வழமைக்குத் திரும்பியதும் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. மிஞ்சியது, வினாத்தாள் பிடிஎஃப்களைக் குழுவுக்குக் குழு அனுப்புவது மட்டும்தான். எனக்கு இது பெரிய இழப்பாகவே தெரிகிறது. வீட்டிலிருந்த பிள்ளைக்காகக் கற்றுக்கொண்டதை, கண்முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம்.

இந்த வழிகாட்டி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வலிகாமத்திலோ வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ ஒரு சாதாரண பாடசாலையை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆசிரியரிடம் ஒரு அன்ட்ரொயிட் போன் இருக்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது. புரொஜெக்டர் ஒன்று எங்கோ அலுமாரியில் இருக்கிறது. அல்லது ஒரு ஸ்மார்ட் போர்ட் இருக்கும் அறைக்கு எல்லா வகுப்பும் முறை வைத்துப் போகிறது. கரண்ட் எப்போது நிற்கும் என்று தெரியாது. இவ்வளவுதான் கையிருப்பு என்று வைத்துக்கொண்டால், என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். ஆனால் தொடக்கம் கருவியில் இல்லை.

படி 1: சோக் எங்கே போதாமல் போகிறது என்று கண்டுபிடியுங்கள்

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை எடுங்கள். அடுத்த தவணையில் நீங்கள் கற்பிக்கப் போகும் அலகுகளைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எது? "எத்தனை தரம் சொன்னாலும் விளங்குதில்லை" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் சலித்துக்கொள்ளும் இடம் எது? அவற்றில் மூன்றைத் தெரிந்தெடுத்து எழுதி வையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலும் அவை சில வகைக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியாதவை ஒரு வகை: மின்னோட்டம், துணிக்கைகள், கலத்துக்குள் நடப்பவை. அசைந்தால்தான் விளங்குபவை இன்னொரு வகை: சந்திரனின் கலைகள், வட்டத் தேற்றங்கள். எட்ட முடியாத இடமும் காலமும் வேறொரு வகை. ஒரு ஊரின் நிலப்பயன்பாடு முப்பது வருடத்தில் எப்படி மாறியது என்பதைக் கரும்பலகையில் கீறிக் காட்ட முடியாது.

மற்றதையெல்லாம் சோக்கிடமே விடுங்கள். ஒரு கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுவதற்குக் கரும்பலகையை விஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. பிள்ளை கொப்பியில் எழுதும் வேகமும் ஆசிரியர் எழுதும் வேகமும் அங்கேதான் ஒத்துப்போகின்றன. பவர்பொயின்ற்றில் விடை முழுதாக வந்து விழுந்தால், பிள்ளை பார்த்து எழுதும், யோசிக்காது.

படி 2: பாமினியிலிருந்து வெளியே வாருங்கள்

இதைப் பலர் கடைசியில் வைப்பார்கள். நான் முன்னுக்கு வைக்கிறேன். எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள்கள், செயலட்டைகள் பெரும்பாலானவை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. அச்சடித்து எடுக்கும்வரை அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்கள். தமிழ் உருவத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கூகுளில் தேடினால் அகப்படாது. கூகுள் படிவத்தில் ஒட்டினால் சிதறும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் பார்வைக் குறைபாடுள்ள எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவச திரைவாசிப்பான், யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே பதிவாகும் பொதுக் குறியீட்டு முறையில், உள்ளதை வாசித்துக் காட்டும். பாமினியில் உள்ளதை அதனால் தமிழாக வாசிக்கவே முடியாது. நீங்கள் தயாரிக்கும் ஒரு நல்ல குறிப்பு அந்தப் பிள்ளையின் காதுக்கும் போய்ச் சேரவேண்டும் என்றால் யூனிகோடைத் தவிர வேறு வழியில்லை.

மாறுவது கடினமல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கிடைக்கும். விரல்கள் பாமினிக்கே பழகிவிட்டன என்றால் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவி, அதே பாமினி விசை அமைப்பில் யூனிகோடு எழுத்தை அடிக்கலாம். பழைய கோப்புகளுக்கு இணையத்தில் பாமினி–யூனிகோடு மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, எடுக்க வேண்டியதுதான். மாற்றிய பிறகு ஒரு தரம் வாசித்துத் திருத்துங்கள். கிரந்த எழுத்துக்களும் கணிதக் குறியீடுகளும் அடிக்கடி பிழைத்துப் போகும்.

தட்டச்சே தெரியாது என்பவர்களுக்குப் போன் போதும். கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் மொழியைத் "தமிழ் (இலங்கை)" என்று வைத்து, மைக் படத்தை அழுத்திப் பேசுங்கள். எழுத்தாகிவிடும். நிறுத்தற்குறிகளை நீங்கள்தான் போடவேண்டும். பாடக்குறிப்பு ஒன்றை இப்படிச் சொல்லிச் சொல்லி எழுதுவது கையால் எழுதுவதைவிட விரைவானது.

கோப்பை வேறொரு கணினியில் காட்டப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி சேமியுங்கள். எழுத்து உடைந்து திரையில் பெட்டி பெட்டியாகத் தெரிவதைப் பிள்ளைகள் முன்னால் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை.

படி 3: பண்டங்களைச் சேகரித்து வையுங்கள், அதுவும் இணையம் இல்லாமல் திறக்கக்கூடியதாக

முதலில் பாடநூல். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக உள்ளன. உங்கள் தரங்களுக்குரியதைத் தரவிறக்கிப் போனில் வையுங்கள். ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மட்டும் என்றாலும் பயன்படும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் கிடைக்கின்றன.

விஞ்ஞானத்துக்குப் பெட் (PhET) என்ற தளத்தை மறக்காதீர்கள். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடக்கியது. திரையில் நாமே கம்பி பூட்டி, ஊசல் ஆட்டி, அமிலம் ஊற்றிப் பார்க்கக்கூடிய அசையும் பரிசோதனைகள். இலவசம். சில தமிழிலும் உண்டு. பலவற்றை ஒரே கோப்பாகத் தரவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துப்போய், இணையமே இல்லாத கணினியில் பிரவுசரால் திறக்கலாம். எங்களுக்கு இந்தக் கடைசி வசதிதான் தங்கம்.

கணிதத்துக்கு ஜியோஜிப்ரா என்ற வரையும் மென்பொருள். அதையும் நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. வட்டத்தின் விட்டம் ஒன்றைக் கீறி, பரிதியில் ஒரு புள்ளியை வைத்து, அங்கே அமையும் கோணத்தை அளந்து காட்டுங்கள். புள்ளியை இழுத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வாருங்கள். கோணம் 90 பாகையிலேயே நிற்கும். தேற்றத்தைச் சொல்வதற்கு முன் இதைக் காட்டினால், "ஏன் சேர் மாறுதில்லை?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். நிறுவலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

வரலாறும் தமிழும் கற்பிப்பவர்களுக்கு எங்களிடமே பெரிய சொத்து இருக்கிறது. நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உதயதாரகை என்ற பத்திரிகை 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது என்று வெறும் தரவாகச் சொல்லலாம். 1930இல் தொடங்கிய ஈழகேசரிப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு, அதிலிருக்கும் விளம்பரங்களை வாசித்து, "இந்தக் காலத்து மனிதர் என்ன வாங்கினார்கள், எதற்குப் பயந்தார்கள்?" என்றும் கேட்கலாம். இரண்டாவது வகைக் கேள்வியில்தான் பிள்ளை வரலாற்றாசிரியரைப் போல யோசிக்கத் தொடங்குகிறது.

புவியியலுக்குக் கூகுள் ஏர்த். கணினியில் நிறுவும் பதிப்பில் பழைய செய்மதிப் படங்களையும் பின்னோக்கிப் பார்க்கலாம். பண்ணைப் பாலம், தொண்டைமானாற்றுத் தடுப்பணை, வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, பிறகு உலகத்துக்குப் போங்கள்.

யூரியூப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் உள்ள நல்ல பாட வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்யப்பட்டவை. அவர்களின் ஒளிச்சேர்க்கை எங்கள் பாடநூலில் ஒளித்தொகுப்பு. முடுக்கம் என்பது எங்களுக்கு ஆர்முடுகல். வேதியியல் இரசாயனவியல், ஆக்சிஜன் ஒட்சிசன். வீடியோவைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. காட்டுவதற்கு முன் முழுதாகப் பாருங்கள். மாறி வரும் சொற்களைக் கரும்பலகையின் ஒரு ஓரத்தில் சோடி சோடியாக எழுதி வையுங்கள். பரீட்சைத் தாளில் எங்கள் சொல்தான் வரும். வீடியோவை நான்கைந்து நிமிடத்துக்குள் வெட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.

சேகரித்ததை அடுக்கி வைப்பது சிறிய வேலைதான், செய்துவிடுங்கள்: தரம், அலகு இலக்கம், பொருள் என்ற ஒழுங்கில் கோப்புக்குப் பெயர் வையுங்கள். ஒரு பிரதி போனில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில்.

படி 4: ஒரே ஒரு பாடவேளையை முழுதாகத் திட்டமிடுங்கள்

பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அறை மாறுவதற்கும் கம்பி பூட்டுவதற்கும் பத்து நிமிடம் போய்விடும் என்றே கணக்கு வையுங்கள். மிச்சம் முப்பது. மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகளிடம் உறைந்துபோயிருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு. தொடராக இணைத்த இரண்டு மின்குமிழ்களில் முதலாவது குமிழ் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் "செலவழித்துவிடும்", அதனால் இரண்டாவது மங்கலாக எரியும் என்று நம்புவார்கள். கரும்பலகையில் எத்தனை தரம் மறுத்தாலும் அந்த நம்பிக்கை உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

பெட்டின் மின்சுற்று அமைக்கும் பரிசோதனையைத் திறந்து, ஒரு மின்கலத்தோடு ஒரேமாதிரியான இரண்டு குமிழ்களைத் தொடராக இணையுங்கள். ஆளியை மட்டும் திறந்தே வைத்திருங்கள். இங்கேதான் முழுப் பாடத்தின் உயிரும் இருக்கிறது: உடனே மூடிக் காட்டிவிடாதீர்கள். "எந்தக் குமிழ் கூடப் பிரகாசமாக எரியும்? ஏன்?" என்று கேளுங்கள். கொப்பியில் விடையையும் காரணத்தையும் ஒவ்வொருவரும் எழுதவேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். எழுதி, வாதாடி, ஒரு பக்கம் நின்ற பிள்ளைதான் விடைக்காக ஏங்கும்.

இப்போது ஆளியை மூடுங்கள். இரண்டும் ஒரேயளவு எரியும். திரையில் இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாக முழுச் சுற்றிலும் ஒரே வேகத்தில் ஊர்ந்து போவது தெரியும். அம்பியர்மானியை முதல் குமிழுக்கு முன், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் வைத்து வாசிப்பைப் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்பியுங்கள். மூன்றும் ஒன்று. வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை அடக்காதீர்கள்.

அப்புறம் இரண்டு குமிழ்களையும் சமாந்தரமாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றதுக்கு என்ன நடக்கும்? மறுபடியும் முதலில் எதிர்வுகூறல், பிறகுதான் காட்சி. வீட்டில் ஒரு பல்ப் பியூஸ் போனால் மற்றவை ஏன் எரிகின்றன என்ற கேள்விக்கு இப்போது அவர்களே வந்துவிடுவார்கள். கடைசிப் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, கரும்பலகையில் சுற்றுப்படத்தைக் கீறி, குறிப்பு எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் உண்மையான குமிழும் கம்பியும் இருந்தால் அடுத்த பாடவேளையில் கையால் பூட்டச் செய்யுங்கள். திரை அதற்கு மாற்றீடு ஆகாது. கையில் கம்பி சுடும் அனுபவத்தைத் திரை தராது.

எதிர்வுகூறல், காட்சி, விளக்கம் என்ற இந்த மூன்று அசைவும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். இதைப் பிடித்துக்கொண்டால் கருவி மாறினாலும் கவலையில்லை.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பறைகள் பல அரைச்சுவர் கட்டடங்கள். காலை வெயில் உள்ளே வந்து புரொஜெக்டர் வெளிச்சத்தைத் தின்றுவிடும். எந்தச் சுவரில் எந்த நேரத்தில் வெயில் குறைவு என்று முன்கூட்டியே பார்த்து அந்தப் பக்கம் திரையை வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். கடைசி வாங்கில் நீங்களே போய் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்பதையும் பாடக்குறிப்பின் அடியில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். திரையில் காட்ட இருந்த முக்கியமான படத்தை அச்சடித்துக் கையில் வைத்திருந்தாலே பாடம் நிற்காது.

படி 5: யாருக்கு விளங்கவில்லை என்று உடனே அறியுங்கள்

"விளங்கிச்சுதா?" என்றால் வகுப்பே "ஓம் சேர்" என்னும். அந்த "ஓம்" எதையும் சொல்வதில்லை. நாற்பது பிள்ளைகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பாடம் முடிவதற்குள் தெரிந்துகொள்வதற்கு டிஜிட்டல் கருவி உதவுமென்றால், என் மதிப்பில் அதுவே அதன் மிகப் பெரிய பயன்.

பிளிக்கர்ஸ் என்ற செயலியை இதற்காகவே பரிந்துரைக்கிறேன். பிள்ளையிடம் போன் தேவையில்லை. உங்களுடையது ஒன்றே போதும். தளத்திலிருந்து அட்டைகளை இலவசமாக அச்சடிக்கலாம். சாதாரணத் தொகுதியில் 40 அட்டைகள் இருக்கும். பெரிய வகுப்புக்கு 63 அட்டைகள் கொண்ட தொகுதியும் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு கறுப்பு வெள்ளைக் கோலம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று மிகச் சிறிய எழுத்து. தான் தெரிவுசெய்யும் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் போன் கமெராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக ஓட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது போனில் வந்துவிடும். எழுத்து சிறியது என்பதால் பக்கத்துப் பிள்ளை பார்த்துத் திருப்பவும் முடியாது. கூச்சப்படும் பிள்ளை வாய் திறக்காமலே விடை சொல்லிவிடுகிறது.

செய்யும் முறை: தளத்தில் கணக்கொன்று திறந்து, வகுப்பு இடாப்பின் ஒழுங்கிலேயே பிள்ளைகளைப் பதியுங்கள், இடாப்பு இலக்கமும் அட்டை இலக்கமும் ஒன்றாக இருந்தால் பிறகு குழப்பம் வராது. முழுப்பெயர் தேவையில்லை, இலக்கமோ முதலெழுத்தோ போதும். அட்டையைத் தடித்த மட்டையில் ஒட்டுங்கள். பளபளப்பான லமினேற் செய்தால் வெளிச்சம் பட்டுக் கமெராவுக்குத் தெரியாமல் போகும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டும், ஆனால் டேட்டா அதிகம் போகாது.

இணையமே இல்லையா? விரல் இருக்கிறது. சாதாரண தரத்தின் பல்தேர்வு வினாக்களுக்கு நான்கு விடைகள். உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்கு ஐந்து. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுக்கு முன்னால் விடைக்குரிய விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பார்வையில் வகுப்பை வாசித்துவிடலாம்.

எந்த முறையானாலும், கேள்வியின் தரம்தான் எல்லாம். பிழையான விடைகளை ஏனோதானோவென்று எழுதாதீர்கள். ஒவ்வொரு பிழை விடைக்கும் பின்னால் பிள்ளை வைத்திருக்கக்கூடிய ஒரு தப்பெண்ணம் இருக்கவேண்டும். அப்போதுதான் பன்னிரண்டு பேர் இரண்டாவது விடையைக் காட்டினால், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் எதை மறுபடி சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கடந்தகால வினாத்தாள்களில் இப்படியான கேள்விகள் நிறையவே உள்ளன.

கணினி அறைக்குப் போகக்கூடிய வகுப்பு என்றால் கூகுள் படிவத்தை வினாவிடையாக மாற்றிக் கொடுக்கலாம். புள்ளியைத் தானே இடும். எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் பிழையாக விடை சொன்னார்கள் என்பதை வரைபாகக் காட்டும். புள்ளியைப் பதிவேட்டில் ஏற்றுவதோடு நிறுத்திவிடாமல், அந்த வரைபை அடுத்த பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பயன்படுத்துங்கள்.

படி 6: வட்ஸ்அப்பை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள்

அநேகமான வீடுகளில் போன் அம்மாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோதான் இருக்கும். அப்பா கடலுக்கோ வேலைக்கோ போய் இரவு திரும்பிய பிறகுதான் பிள்ளையின் கைக்கு அது வரும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் அது ஒன்றுதான். இதை நினைவில் வைத்தால், "இன்று ஐந்து மணிக்குள் விடை அனுப்பவும்" என்று யாரும் எழுதமாட்டார்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். போனே இல்லாத பிள்ளைக்கு அதே வேலையை அச்சடித்துக் கொடுங்கள், மற்றவர்களுக்குத் தெரியாமல்.

வீடியோவைவிடக் குரல் பதிவு நல்லது. இரண்டு மூன்று நிமிடம், ஒரே ஒரு கருத்து, அதோடு கரும்பலகையின் ஒரு படம். சிறிய ரீலோட்டில் வாழும் வீட்டுக்கு அது பாரமாக இருக்காது. ஆசிரியரின் குரலைப் பிள்ளை மறுபடி மறுபடி கேட்கலாம். வினாத்தாள் படத்தைச் சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றுங்கள். காலை வணக்கப் படங்களும் முன்னனுப்பிய செய்திகளும் நின்றுவிடும். சந்தேகம் கேட்பவர்கள் தனியாகக் கேட்கட்டும். கேட்கக்கூடிய நேரத்தைச் சொல்லி வையுங்கள், அதுக்குப் பிறகு போனை வைத்துவிட்டு உங்கள் வீட்டைக் கவனியுங்கள்.

இதில் ஒரு விடயத்தை நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். எனவே குழுவில் பெற்றோரின் இலக்கங்களை மட்டும் சேர்ப்பது, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், பாதுகாப்பானது. புள்ளிப்பட்டியலைக் குழுவில் போடவே போடாதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் முகப்புத்தகத்தில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், 23 புள்ளி எடுத்த பிள்ளை அந்தப் பட்டியலை ஊரே பார்க்கும்போது எப்படிக் குறுகிப்போகும் என்று நினைத்தாலே போதும்.

படி 7: செயற்கை நுண்ணறிவை உதவியாளராக மட்டும் வையுங்கள்

சட்ஜிபிடி, ஜெமினி போன்றவை தமிழில் கேள்வி தயாரிக்கும், எளிய விளக்கம் எழுதும். சோர்ந்துபோய் வீடு திரும்பும் ஆசிரியருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் "ஒளித்தொகுப்பு பற்றிப் பத்துக் கேள்வி தா" என்று வெறுமனே கேட்டால் தமிழ்நாட்டுச் சொல்லும், எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத தகவலும், சில வேளை முழுப் பிழையும் கலந்து வரும். பாடநூலின் ஒரு பந்தியை அப்படியே ஒட்டி, "இந்தப் பந்தியில் உள்ளதை மட்டும் வைத்து, இதே கலைச்சொற்களில், தரம் 10 பிள்ளைக்கு நான்கு விடைகள் கொண்ட ஐந்து பல்தேர்வு வினாக்கள் எழுது, ஒவ்வொரு பிழை விடையும் பிள்ளைகளிடம் வழமையாக இருக்கும் ஒரு தப்பெண்ணத்தைக் காட்டவேண்டும்" என்று கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

வந்ததை வரிக்கு வரி சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளின் பெயர், குடும்ப நிலை, புள்ளி எதையும் அதில் இடக்கூடாது.

படி 8: இணையம் எட்டாத பாடசாலைக்கு

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்க் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் "இணையத்தில் தேடுங்கள்" என்று சொல்வது எளிது. நடைமுறையில் உதவுவது கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக நல்ல தொடர்புள்ள இடத்தில் தரவிறக்கி, பென் டிரைவில் எடுத்துப்போய், பாடசாலைக் கணினிகளில் ஏற்றிவிடலாம். பிறகு இணையம் இல்லாமலே பிள்ளைகள் தேடலாம், வாசிக்கலாம். இதனோடு பெட் கோப்புகள், ஜியோஜிப்ரா, பாடநூல் பிடிஎஃப்கள், நூலகத்திலிருந்து எடுத்த சில பழைய பத்திரிகைப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் போட்டால், அது ஒரு சிறிய பாடசாலை நூலகம்.

படி 9: தனியாகச் செய்யாதீர்கள்

பக்கத்து வகுப்பு ரீச்சரோடு ஒரு சோடி சேருங்கள். உங்கள் முதல் பாடத்தை அவர் கடைசி வாங்கில் இருந்து பார்க்கட்டும். அவருடையதை நீங்கள் பாருங்கள். திரையைப் பார்க்காமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, எந்த நிமிடத்தில் கவனம் கலைந்தது என்று எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பாடத்துக்குரிய ஆசிரிய ஆலோசகரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கணினிப் பயிற்சிகள் பற்றிக் கேட்டு வையுங்கள். ஓய்வுபெறப் போகும் மூத்த ஆசிரியர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்ற படி 1இன் கேள்விக்கு அவர்களைப்போல் விடை சொல்ல இளம் ஆசிரியரால் முடியாது.

பழைய மாணவர் சங்கம் "என்ன வேணும்?" என்று கேட்டால்

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இந்தக் கேள்வி எங்கள் பாடசாலைகளுக்கு அடிக்கடி வருகிறது. மனம் நிறைந்த கேள்வி. நாற்பது ரப்லெற் என்று சொல்லிவிடாதீர்கள். அவற்றைச் சார்ஜ் போட, பூட்டி வைக்க, பழுதானால் திருத்த ஆளும் பணமும் வேண்டும். வெளிச்சமான வகுப்பறைக்குப் புரொஜெக்டரைவிடப் பெரிய தொலைக்காட்சி ஒன்று பொருத்தம். படம் தெளிவாகத் தெரியும், குமிழ் மாற்றும் செலவும் இல்லை. அதோடு ஒரு மடிகணினி, நீளமான எச்டிஎம்ஐ கேபிள், ஒரு யூபிஎஸ், ஒரு நல்ல ஒலிபெருக்கி. பிறகு எவரும் கேட்க மறக்கும் ஒன்று: அச்சு இயந்திரமும் அதற்கு ஒரு வருடத்துக்குரிய ரோனரும் தாளும். மேலே சொன்ன வழிகளில் பாதி, போன் இல்லாத பிள்ளைக்கு அச்சுத் தாளாகத்தான் போய்ச் சேரும்.

பொருள் வந்ததும் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றி, உத்தரவாத அட்டையை அதிபர் அலுவலகத்தில் வையுங்கள். அறைத் திறப்பு யாரிடம் இருக்கும், எந்த வகுப்புக்கு எந்த நாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். திறப்பை வைத்திருப்பவர் லீவில் நிற்கும் நாளுக்கு இரண்டாவது திறப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.